மனிதக் கடத்தலின் இழப்பு யாருடைய கணக்கில் எழுதப்படுகிறது?

நெய்தல் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். மனிதக் கடத்தலால் உலகெங்கும் விளையும் கேடுகளைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். படித்த அறிக்கைகளிலும் செய்திகளிலும் ஓர் எண் திரும்பத் திரும்ப வருகிறது. கட்டாய உழைப்பிலிருந்து ஆண்டுதோறும் 23,600 கோடி அமெரிக்க டாலர் சட்டவிரோத லாபமாக ஈட்டப்படுகிறது என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ. 2024 மார்ச்சில் வெளியிட்ட மதிப்பீடு அது. அதையே எடுத்து "மனிதக் கடத்தலால் உலகுக்கு ஏற்படும் இழப்பு 23,600 கோடி டாலர்" என்று பலரும் எழுதிவிடுகிறார்கள். என் முதல் வரைவிலும் அப்படித்தான் இருந்தது. பிறகு படித்துப் பார்த்தபோது, அது சுரண்டியவன் கைக்குப் போன தொகைதானே, சுரண்டப்பட்டவர் இழந்தது அவ்வளவுதான் என்று எப்படிச் சொல்வது என்ற ஐயம் எழுந்தது. ஒருவனுடைய லாபத்தை வைத்து இன்னொருவருடைய கேட்டை அளக்க முடியுமா? இத்துறையில் பணிபுரிபவர்கள் இங்கே இருப்பதை அறிவேன். வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

தராசு

உங்கள் ஐயம் சரியானது. அந்த எண்ணின் பொருளை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளலாம். தொழிலாளிக்கு முறையாகச் சேர்ந்திருக்க வேண்டிய கூலி, வற்புறுத்தலின் காரணமாகச் சுரண்டுபவரிடமே தங்கிவிடுகிறது. அப்படித் தங்கிய தொகைதான் இங்கே லாபம் எனப்படுகிறது. 2014-இல் இதே அமைப்பு வெளியிட்ட மதிப்பீட்டோடு ஒப்பிட்டால் இது 6,400 கோடி டாலர், அதாவது 37 சதவீதம் கூடுதல். தனியார் துறையில் நடக்கும் கட்டாய உழைப்பை மட்டுமே இக்கணக்கு எடுத்துக்கொள்கிறது. அரசுகளே சுமத்தும் கட்டாய உழைப்பில் சிக்கியிருப்பதாக மதிப்பிடப்படும் 39 லட்சம் பேர் இதற்குள் வரமாட்டார்கள்.

இந்த லாபம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள். தனியாரின் கட்டாய உழைப்பில் சிக்கியவர்களில் பாலியல் சுரண்டலுக்கு ஆளானவர்கள் 27 சதவீதம். ஆனால் மொத்த லாபத்தில் 73 சதவீதம் அவர்களிடமிருந்துதான் பறிக்கப்படுகிறது. பாலியல் சுரண்டலில் ஒருவரிடமிருந்து ஆண்டுக்கு 27,252 டாலரும், தொழிற்சாலை, வயல், மீன்பிடிப் படகு, வீட்டு வேலை போன்ற மற்றவற்றில் ஒருவரிடமிருந்து 3,687 டாலரும் பறிபோவதாக அவ்வறிக்கை சொல்கிறது. லாபத்தை வைத்துக் கேட்டை அளந்தால் வீட்டு வேலையில் அடைத்துவைக்கப்பட்ட ஒரு பெண்ணின் துன்பம் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அவள் இழந்த ஆண்டுகள் அப்படிச் சுருங்குவதில்லை. ஆகவே இந்த எண்ணை அந்தத் தொழில் ஏன் ஒழியாமல் நீடிக்கிறது என்பதை விளக்கப் பயன்படுத்துங்கள். கேட்டின் அளவுகோலாகப் பயன்படுத்த வேண்டாம்.

கரிசல்

ஒரு சிறு ஐயம். கடத்தல் என்ற சொல்லைக் கேட்டதும் எல்லை தாண்டி ஆளைக் கொண்டுபோவது என்றுதான் நினைத்துக்கொள்கிறோம். தாமே விரும்பிப் போனவர்களையும் இதில் சேர்க்கலாமா?

தராசு

சேர்க்கலாம், சேர்த்தே ஆக வேண்டும். ஐ.நா. பொதுச்சபை 2000-ஆம் ஆண்டு நவம்பரில் ஏற்றுக்கொண்ட, 2003 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த, மனிதக் கடத்தலை வரையறுக்கும் பலெர்மோ நெறிமுறை மூன்று கூறுகளைக் கேட்கிறது: ஆளைச் சேர்ப்பது, கொண்டுசெல்வது, தங்கவைப்பது போன்ற ஒரு செயல்; மிரட்டல், ஏமாற்று, ஒருவரின் இயலா நிலையைப் பயன்படுத்திக்கொள்ளுதல் போன்ற ஒரு வழி; சுரண்டல் என்ற நோக்கம். இத்தகைய வழிகள் கையாளப்பட்டிருந்தால் பாதிக்கப்பட்டவர் சம்மதித்தாரா என்ற கேள்விக்கே இடமில்லை. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர் என்றால் வழியைக்கூட நிரூபிக்க வேண்டியதில்லை. ஒருவர் பிறந்த தெருவை விட்டு நகராமலேயே இக்குற்றத்துக்கு ஆளாகக்கூடும். பணம் வாங்கிக்கொண்டு திருட்டுத்தனமாக எல்லை கடக்க உதவுவது வேறு குற்றம், அதற்குத் தனி நெறிமுறை இருக்கிறது. ஆனால் அப்படிக் கடந்தவர் வழியிலேயே கடனாளியாகி, போய்ச் சேர்ந்த இடத்தில் அடிமையாவது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

செவிலி

பல ஆண்டுகளாக, மீட்கப்பட்டவர்கள் முதலில் கொண்டுவரப்படும் மருத்துவப் பிரிவில் பணியாற்றியவள் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். நெய்தல் அம்மா, கேட்டின் அளவைத் தேடுகிறீர்கள் என்றால் முதலில் உடலிலிருந்து தொடங்குங்கள்.

கம்போடியா, தாய்லாந்து, வியட்நாம் ஆகிய மூன்று நாடுகளில் மீட்புக்குப் பிந்தைய சேவைகளில் இருந்த ஆண், பெண், சிறார் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்று 2015-இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளிவந்தது. அவர்களில் 61.2 சதவீதத்தினருக்கு மனச்சோர்வின் அறிகுறிகளும், 42.8 சதவீதத்தினருக்குப் பதற்றத்தின் அறிகுறிகளும், 38.9 சதவீதத்தினருக்கு அதிர்ச்சிக்குப் பிந்தைய மனவடுவின் அறிகுறிகளும் இருந்தன. முந்தைய ஒரு மாதத்துக்குள் தற்கொலைக்கு முயன்றவர்கள் 5.2 சதவீதம். இவர்கள் அனைவரும் மீட்கப்பட்டு, கூரையும் உணவும் பாதுகாப்பும் உள்ள இடத்தில் இருந்தவர்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். கதவு திறந்துவிட்டது என்பதால் துன்பம் முடிந்துவிடுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

பணியில் நான் கண்ட காயங்கள் வகைவகையானவை. மீன்பிடிப் படகிலிருந்து வந்தவர்களுக்கு விரல்கள் போயிருக்கும். வலையும் விசையிழுவையும் தூக்கமில்லாத கைகளை விட்டுவைப்பதில்லை. வீட்டு வேலையிலிருந்து வந்த பெண்களிடம் பழைய தீக்காயங்களையும், மருத்துவம் பார்க்காமல் தாமாகவே கோணலாகக் கூடிப்போன எலும்புகளையும் பார்த்திருக்கிறேன். பாலியல் சுரண்டலிலிருந்து வந்தவர்கள் அடிவயிற்று வலியையும் நோய்த்தொற்றையும் கடைசியில்தான் சொல்வார்கள். முதலில் தலைவலி என்று மட்டும் சொல்வார்கள். பல்வலி ஏறக்குறைய எல்லோருக்கும் இருக்கும். பல்வலியை யாரும் அறிக்கையில் எழுதுவதில்லை, ஆனால் இரண்டு ஆண்டுகள் பல்வலியோடு பதினாறு மணிநேரம் வேலை செய்வது எப்படியிருக்கும் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

நினைவு பாதிக்கப்படுவது பற்றியும் சொல்ல வேண்டும். தொடர்ந்த அச்சமும் தூக்கமின்மையும் தலையில் பட்ட அடிகளும் நிகழ்ச்சிகளின் வரிசையைக் குலைத்துவிடுகின்றன. எந்த மாதம், எந்த வீடு, முதலில் அடித்தது யார் என்று கேட்டால் இன்று ஒன்றும் அடுத்த வாரம் வேறொன்றும் சொல்வார்கள். மருத்துவருக்கு இது நோயின் அறிகுறி. விசாரணை அறையிலோ இதுவே முன்னுக்குப்பின் முரண் என்று எழுதப்பட்டு, வழக்கு அங்கேயே சரிந்துவிடுகிறது. குற்றம் ஏற்படுத்திய காயமே குற்றவாளியைக் காப்பாற்றுகிறது என்பதை ஏற்றுக்கொள்ள என்னால் இன்றுவரை முடியவில்லை.

நெய்தல்

செவிலி அவர்களே, பல்வலியைப் பற்றி நீங்கள் எழுதிய வரிகளைப் படித்த பிறகு சற்று நேரம் வேறெதையும் படிக்க முடியவில்லை. உங்கள் அனுமதியோடு அதைக் கட்டுரையில் சேர்த்துக்கொள்கிறேன்.

இருமொழி

நான் மொழிபெயர்ப்பாளன். மீட்கப்பட்ட வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வாக்குமூலம் கொடுக்கும்போது உடன் அமர்ந்திருப்பது என் வேலை. செவிலி அவர்கள் உடலைப் பற்றிச் சொன்னார். நான் கடனைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் நான் உட்கார்ந்திருந்த அறைகளில் மிக அதிகமாக ஒலித்த சொல் அதுதான்.

ஒரு கட்டுமானத் தொழிலாளி. பதினான்கு மாதங்கள் கூலி இல்லை, கடவுச்சீட்டு மேற்பார்வையாளரின் பெட்டியில், வெளியே போனால் காவல்துறை பிடித்துக்கொள்ளும் என்ற மிரட்டல். அவரை மீட்ட அதிகாரி, நீங்கள் இனிப் பாதுகாப்பாக இருக்கிறீர்கள், ஏதாவது கேட்க விரும்புகிறீர்களா என்று கேட்டார். அந்த மனிதர் வழக்கைப் பற்றியோ வீட்டுக்குப் போவதைப் பற்றியோ கேட்கவில்லை. "வட்டி நிற்குமா, ஐயா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை மொழிபெயர்த்தேன். அதிகாரியிடம் பதில் இல்லை.

இது நடக்கும் முறையை விளக்குகிறேன். வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர் சேவைக் கட்டணம், மருத்துவச் சோதனை, விசா, பயணச்சீட்டு என்று ஒரு பெருந்தொகை கேட்பார். அதைத் திரட்ட நிலத்தையோ நகையையோ அடகு வைப்பார்கள், அல்லது மாத வட்டிக்குக் கடன் வாங்குவார்கள். போய் இறங்கியதும் வேலையும் கூலியும் ஒப்பந்தத்தில் இருந்தபடி இருக்காது. திரும்பிவிடலாம் என்றால் கடன் தடுக்கும். ஆகவே சங்கிலி எதுவும் தேவைப்படுவதில்லை. கதவு திறந்தே இருந்தாலும் அவர் போகமாட்டார். தொழிலாளியிடமிருந்து நேரடியாகவோ மறைமுகமாகவோ கட்டணம் வாங்கக் கூடாது என்ற பொது விதியை ஐ.எல்.ஓ.வின் 181-ஆம் உடன்படிக்கை 1997-இலேயே வகுத்துவிட்டது. உலகின் பெரும்பாலான குடிபெயர்வு வழிகளில் இன்றும் தொழிலாளிதான் கட்டுகிறார்.

மீட்கப்பட்டு வெறுங்கையோடு திரும்பினால் முதலில் வாசலில் நிற்பவர் கடன் கொடுத்தவர்தான். அவர் பெரும்பாலும் குற்றவாளி அல்லர், ஊரில் தெரிந்தவர், அவருக்கும் பணம் வேண்டும். நெய்தல் அவர்களே, இந்தக் கடன் எந்த நாட்டின் இழப்புக் கணக்கில் வருகிறது என்று தேடிப் பாருங்கள்.

ஏரிக்கரை

மாற்றுக் கருத்தைச் சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இதற்கெல்லாம் அடிப்படை வறுமைதான் என்று நினைக்கிறேன். ஏழை நாடுகளில் வேலை இல்லை, ஆகவே ஆபத்து தெரிந்தும் போகிறார்கள். வறுமை ஒழியும்வரை சட்டமும் சோதனையும் பெரிதாக எதையும் மாற்றாது. கடுமையாக்கினால் இருக்கிற வழியும் அடைபட்டுவிடும் அல்லவா?

தராசு

ஏரிக்கரை நண்பரே, பாதி உண்மை இருக்கிறது. வறுமை ஆளைத் தரகரிடம் கொண்டுபோய் நிறுத்துகிறது. ஆனால் கட்டாய உழைப்பில் இருப்பதாக மதிப்பிடப்படும் 2.76 கோடிப் பேரில் பாதிக்கும் மேற்பட்டோர் மேல்நடுத்தர வருமான நாடுகளிலும் உயர்வருமான நாடுகளிலும்தான் இருக்கிறார்கள். ஏழ்மை தள்ளுகிறது என்றால், மலிவான உழைப்பைக் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்ளும் செல்வம் இழுக்கிறது. 2004 பிப்ரவரியில் இங்கிலாந்தின் மோர்கம் விரிகுடாவில் இரவில் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்த சீனத் தொழிலாளர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் கடல் ஏற்றத்தில் சிக்கி மூழ்கி இறந்தார்கள். அது பணக்கார நாட்டின் கரை. அதன் பிறகுதான் ஆள் சேர்க்கும் தரகர்களுக்கு உரிமம் வேண்டும் என்ற சட்டம் அங்கே வந்தது.

அகல்

வறுமை மட்டும்தான் காரணம் என்பதற்கு எதிராக இன்னொரு சான்று, தென்கிழக்காசியாவின் இணைய மோசடி முகாம்கள். ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கை, மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் ஏறக்குறைய 1,00,000 பேரும் இணைய மோசடியில் ஈடுபடுமாறு வற்புறுத்தப்படும் நிலையில் இருக்கக்கூடும் என்றது. அவர்களில் பலர் நன்கு படித்தவர்கள், கணினி தெரிந்தவர்கள், பல மொழி பேசுபவர்கள். நல்ல சம்பளத்தில் அலுவலக வேலை என்ற விளம்பரத்தை நம்பி விமானம் ஏறியவர்கள். பெருந்தொற்றுக் காலத்தில் சூதாட்ட விடுதிகள் மூடப்பட்டபோது அவற்றை நடத்தியவர்கள் இந்தத் தொழிலுக்கு மாறினார்கள்.

இங்கே கேடு இரட்டிப்பாகிறது. அடைத்துவைக்கப்பட்டவர் அடிபடுகிறார், மின்னதிர்ச்சி பெறுகிறார், குறித்த இலக்கை எட்டாவிட்டால் வேறொரு முகாமுக்கு விற்கப்படுகிறார். மறுமுனையில் அவருடைய செய்தியை நம்பிய யாரோ ஒருவர் வாழ்நாள் சேமிப்பை இழக்கிறார். பணத்தை இழந்தவருக்குத் தெரிந்த ஒரே எதிரி, அந்தச் செய்தியைத் தட்டச்சு செய்தவர்தான். தப்பி வந்தாலும் மோசடி செய்தவர் என்றோ விசாக் காலம் கடந்து தங்கியவர் என்றோ அவர்மீதே வழக்கு வருகிறது. கட்டாயத்தின் பேரில் செய்த குற்றத்துக்காகப் பாதிக்கப்பட்டவரைத் தண்டிக்கக் கூடாது என்ற கொள்கை பல நாட்டுச் சட்டங்களில் எழுதப்பட்டிருக்கிறது. அதைக் கேட்டுப் பெறுவதற்கு, முதலில் அவர் பாதிக்கப்பட்டவர் என்பதை யாராவது அடையாளம் காண வேண்டும். விமான நிலையத்தில் ஐந்து நிமிடக் கேள்வியில் அது நடப்பதில்லை.

ஏரிக்கரை

மோர்கம் விரிகுடாவும் இந்த முகாம்களும் என் கருத்தை மாற்றுகின்றன. வறுமை என்ற ஒரு சொல்லில் அடக்கிவிட்டேன், அது போதாது.

தராசு

அரசுகளின் செலவு பற்றியும் நெய்தல் கேட்பார் என்று நினைக்கிறேன். பிரிட்டனின் உள்துறை 2018-இல் ஒரு கணக்கு வெளியிட்டது: பாதிக்கப்பட்ட ஒருவருக்கு 3,28,720 பவுண்ட், நாடு முழுவதற்கும் 330 கோடியிலிருந்து 430 கோடி பவுண்ட் வரை. இதில் காவல், நீதிமன்றம், தங்குமிடம் ஆகியவற்றின் செலவு சிறிய பகுதிதான். உடலுக்கும் மனத்துக்கும் ஏற்பட்ட கேட்டின் மதிப்பே மிகப் பெரிய பகுதி. அதாவது அரசு தன் கணக்கில் எழுதிய தொகையின் பெரும்பங்கை உண்மையில் சுமப்பவர் அந்த ஆளேதான்.

இதற்கு வெளியே நிற்கும் இழப்புகளும் உண்டு. வீட்டுக்கு வராமற்போன பணம், அதனால் பள்ளியை விட்ட பிள்ளைகள், வசூலாகாத வரி. முறையாகக் கூலி கொடுக்கும் உரிமையாளர், கொடுக்காதவனின் விலைக்கு ஈடு கொடுக்க முடியாமல் ஒப்பந்தத்தை இழக்கிறார்; பிறகு அவரும் கூலியைக் குறைக்கத் தொடங்குகிறார். அந்தத் துறை முழுவதிலும் கூலி கீழே போகிறது, கடத்தப்படாத தொழிலாளியும் அதில் அடிபடுகிறார். கட்டாய உழைப்பை ஒழிக்க 21,200 கோடி டாலர் முதலிட்டால் உலகின் மொத்த உற்பத்தி 61,100 கோடி டாலர் உயரும் என்று ஐ.எல்.ஓ. 2024-இல் கணித்தது. லாபத்தைவிட இந்த எண் உங்கள் கட்டுரைக்குப் பொருத்தமாக இருக்கும்.

கரிசல்

அப்படியானால் பொருள் வாங்கும் நம்மைப் போன்றவர்கள் புறக்கணிப்பு மூலம் இதைத் தடுக்கலாமா?

அகல்

தனித்தனியாகப் புறக்கணித்தால் பெரும்பாலும் எந்தப் பயனும் இல்லை, கரிசல். எந்தப் பொருளில் எவர் உழைப்பு இருக்கிறது என்பது வாங்குபவருக்குத் தெரிவதில்லை. அடிமை உழைப்பைத் தடுக்க என்ன செய்தோம் என்று பெரிய நிறுவனங்கள் அறிக்கை வெளியிட வேண்டும் எனப் பிரிட்டன் 2015-இல் சட்டம் இயற்றியது. எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லை என்று அறிக்கை வெளியிட்டாலும் சட்டத்தின் நிபந்தனை நிறைவேறிவிடுகிறது. எனவே அதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை.

பலன் தந்த இரண்டைச் சொல்கிறேன். பிரேசிலில் 1995 முதல் தொழில் ஆய்வாளர்களைக் கொண்ட நடமாடும் குழுக்கள் காவல்துறைப் பாதுகாப்போடு தொலைதூரப் பண்ணைகளுக்கு முன்னறிவிப்பின்றிப் போகின்றன. பாக்கிக் கூலியை அங்கேயே கணக்கிட்டு உரிமையாளரிடமிருந்து வசூலிக்க முயல்கிறார்கள். மீட்கப்பட்டவருக்கு மூன்று மாதம் வேலையின்மை உதவித்தொகை கிடைக்கிறது. இதுவரை மீட்கப்பட்டோர் 60,000-ஐத் தாண்டிவிட்டார்கள். அடிமை உழைப்பில் பிடிபட்ட உரிமையாளர்களின் பெயர்ப் பட்டியலை அரசே வெளியிடுகிறது. அழுக்குப் பட்டியல் என்றுதான் அதைப் பரவலாகச் சொல்கிறார்கள். அதில் பெயர் வந்தால் வங்கிக் கடன் கிடைப்பது கடினம். 2014 இறுதியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவால் அது நிறுத்தப்பட்டு 2017-இல் மீண்டும் வெளிவந்தது. அதை நிறுத்த இவ்வளவு பாடுபட்டார்கள் என்பதிலிருந்தே அது எங்கே வலிக்கிறது என்று தெரிகிறது.

மற்றொன்று அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத் தக்காளி வயல்கள். அடிமை உழைப்பு வழக்குகள் அடுத்தடுத்து வந்த இடம் அது. இம்மொக்கலி ஊரின் தொழிலாளர் கூட்டமைப்பு 2011 முதல் நடைமுறைப்படுத்திவரும் ஏற்பாட்டில், பெரிய உணவு நிறுவனங்கள் ஒரு பவுண்ட் எடைத் தக்காளிக்கு ஒரு சென்ட் கூடுதலாகக் கொடுக்கின்றன. விதியை மீறும் பண்ணையிடமிருந்து வாங்குவதை நிறுத்துகின்றன. எந்த நேரத்திலும் புகார் சொல்லத் தொலைபேசி இருக்கிறது, விதிகளை எழுதியவர்களும் தொழிலாளர்களே. வாங்குபவரின் பணத்தோடு விதி கட்டப்பட்டிருப்பதால்தான் அது வேலை செய்கிறது.

செவிலி

காவல்துறை வழியாக மட்டும் தேடினால் என்ன ஆகிறது என்பதற்கு ஐ.நா.வின் போதைப்பொருள் மற்றும் குற்றத்தடுப்பு அலுவலகத்தின் 2024 அறிக்கையே சான்று. கண்டறியப்பட்டவர்களில் 42 சதவீதம் கட்டாய உழைப்புக்காகக் கடத்தப்பட்டவர்கள். தண்டனைகளில் அவ்வகை 17 சதவீதம் மட்டுமே. காயத்தை நாங்கள் பார்க்கிறோம், ஆனால் கூலிப் பதிவேட்டைப் படிக்கத் தெரிந்த தொழில் ஆய்வாளர் உடன் இல்லையென்றால் வழக்கு உருவாவதே இல்லை.

நெய்தல்

எல்லோருக்கும் நன்றி. 23,600 கோடி டாலரைத் தலைப்பிலிருந்து எடுத்துவிட்டேன். கட்டுரை இப்போது கடனிலிருந்து தொடங்குகிறது. இருமொழி அவர்களே, சொல்லக்கூடியதாக இருந்தால் ஒன்று கேட்கிறேன். அந்தக் கட்டுமானத் தொழிலாளியின் வட்டி நின்றதா?

இருமொழி

நிற்கவில்லை. அவருக்கு இரண்டு கடன்கள் இருந்தன என்பது பிறகுதான் தெரிந்தது: ஊரில் வாங்கியது ஒன்று, அவருடைய அடையாள அட்டையை வைத்து மேற்பார்வையாளர் அவர் பெயரில் வாங்கிய கைபேசித் தவணைகள் இன்னொன்று. அமெரிக்காவில் 2021 இறுதியில் வந்த ஒரு சட்டத்தின்படி, கடத்தலால் ஏற்பட்ட இத்தகைய கடன் பதிவுகளை நீக்குமாறு பாதிக்கப்பட்டவர் கேட்கலாம். அவர் இருந்த நாட்டில் அப்படி எதுவும் இல்லை. தங்கை கல்லூரிப் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போய் ஊர்க்கடனின் வட்டியைக் கட்டிவருகிறாள்.

பாக்கிக் கூலிக்கும் இழப்பீட்டுக்கும் மனு போட்டோம். அந்த மனுவில் கூலி, மருத்துவச் செலவு, பயணச் செலவு ஆகியவற்றுக்குக் கட்டங்கள் இருந்தன, வட்டிக்கு இல்லை. எனவே வட்டியையும் தங்கையின் படிப்பையும் தனித்தாளில் எழுதி, அவர் கையெழுத்திட்டு, மனுவோடு சேர்த்துத் தைத்துக் கொடுத்தோம். சென்ற மாதம் விசாரித்தபோது, அந்தத் தாளைக் கோப்பில் வைத்துக்கொள்ளலாமா என்பதே இன்னும் முடிவாகவில்லை என்றார்கள்.